அம்பத்தூரில் வாங்கிய புத்தகமும் அதன் வெள்ளைப் பக்கமும்

பெரம்பூரிலிருந்து ஆவடி வரை போய் வருவதையெல்லாம் பயணம் என்று எழுதுவாயா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எழுதுவேன். மலைக்கும் கடலுக்கும் வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் பக்கத்து ஆட்கள் எழுதி, நம் பக்கத்து ஆட்களே படம் போட்ட புதுப் புத்தகங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு யார் சொல்வது? போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். காலையில் அம்பத்தூர் புத்தகக் கடை, மதியம் ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, மாலை நாலு மணிக்குத் திருவேற்காட்டில் ஒரு படக்கதையின் வெளியீட்டு விழா. இதுதான் திட்டம். விழாவே நின்றுபோகப் பார்த்தது. அதற்குக் காரணம் என் வாய்.

பெரம்பூரில் 8.50 மின்சார ரயில். டிக்கெட் ஐந்து ரூபாய். ஞாயிறு என்பதால் ஜன்னலோரம் கிடைத்தது. 9.15-க்கு அம்பத்தூர். ஸ்டேஷனிலிருந்து கடைக்கு ஒரு கிலோமீட்டர், நடக்கலாம். ஷேர் ஆட்டோவில் பத்து ரூபாய் கேட்பார்கள். நான் நடந்தேன், வழியில் இரண்டு இட்லியும் ஒரு வடையும் நாற்பது ரூபாய்.

கடைக்காரர் ஏகாம்பரம்தான் பதிப்பாளரும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கடை, பதிப்பகம், குடோன் மூன்றும் அடக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிற ஒருவர் எழுதிய சிறுகதைத் தொகுப்பும், வேலப்பன்சாவடிக் கல்லூரி மாணவி ஒருத்தி கூவத்துப் பறவைகளை வரைந்து எழுதிய சின்னப் புத்தகமும் எடுத்துக்கொண்டேன். இரண்டும் அருமை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மூன்றாவதாக எடுத்ததுதான் அன்று மாலை வெளிவர இருந்த ‘ஏழு மணி சைக்கிள்’. விலை 180. எழுத்தும் படமும் தாமரைச்செல்வி. ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் இயந்திர வரைபடம் போடுகிறவர், இது முதல் புத்தகம். காலை ஷிஃப்டுக்குப் போகும் சைக்கிள்களை ஒரு சிறுமி தினமும் எண்ணுகிறாள், அவ்வளவுதான் கதை. சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கும் சாப்பாட்டுப் பை வரைக்கும் வரைந்திருந்தார்.

நடுப்பக்கம் வந்தது. வலது பக்கத்தில் சாலை, மரம், டீக்கடை, வரிசையாகச் சைக்கிள்கள். இடது பக்கம் முழுக்க வெள்ளை. அந்த வெள்ளைக்குள் நுழைகிற சைக்கிளுக்கு முன்சக்கரமே இல்லை.

“சார், இதுல பாதி அச்சு விழலையே” என்றேன், கடையில் இருந்த நாலு பேருக்கும் கேட்கும்படி. அடுத்த பிரதியை எடுத்தார். அதுவும் அப்படியே. பத்துப் பிரதி பார்த்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“பென்சில் ஸ்கெட்ச்ல பார்த்தேம்மா. ஃபைனல் ஃபைல தொறக்காம அப்டியே சிவகாசிக்கு அனுப்சிட்டேன். என் தப்பு” என்றார். “இத்த வச்சிகினு சாயந்தரம் எப்டி வெளியிடறது? துட்டு குட்து வாங்கறவனுக்கு இன்னா பதில் சொல்றது?”

தாமரைச்செல்விக்குப் போன் போட்டார். சுவிட்ச் ஆஃப். அன்று அவருக்கு ஓவர்டைம் வேலை, மதியம் ஒரு மணி வரை. போனைத் தொழிற்சாலை கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். ஏகாம்பரம் புத்தகங்களை மறுபடி கட்டி, கயிறு போட்டு இறுக்கினார். ஒரு மணிக்கு அந்தம்மாவிடம் பேசிவிட்டு விழாவை நிறுத்துவதாகச் சொன்னார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் நான், கெட்டது இன்னொருவர். ஏரியாவது ஒன்றாவது என்று, எந்த கேட் என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டு, நேராக ஆவடிக்கு ரயில் ஏறினேன்.

அம்பத்தூரிலிருந்து பன்னிரண்டு நிமிடம், இன்னொரு ஐந்து ரூபாய். ஸ்டேஷனிலிருந்து தொழிற்சாலைச் சாலைக்கு ஆட்டோ எண்பது. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தபோது மணி 11.40. டீ பதினைந்து ரூபாய், நன்றாக இருந்தது. பொழுது போகாமல் புத்தகத்தை விரித்தேன். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“அட, நம்ம ரோடு. நம்ம கடைகூட கீது.”

“இந்தப் பக்கம்தாங்க அச்சாகலை.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அது ஃபேக்டரி சைடும்மா. அத்தப் போய் எவன் வரைவான்?” எதிர்ச்சுவரைக் காட்டினார். படம் எடுக்கத் தடை என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள், கேலியாக இல்லை, தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஒன்று பத்துக்குத் தாமரைச்செல்வி வெளியே வந்தார்; பின்னட்டையில் படம் இருந்ததால் அடையாளம் தெரிந்தது. ஸ்கூட்டரை உருட்டியபடியே போனில் “விட்டுடுங்க சார், நான் வேற வரைஞ்சு தாரேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்குகிறவர், விருதுநகர்ப் பக்கம். என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, குழப்பத்தை ஆரம்பித்ததே நான்தான் என்றேன்.

“உங்க மேல தப்பில்லைங்க. நான்தான் சொல்லாம விட்டுட்டேன். எல்லாருக்கும் தெரியும்தானேன்னு இருந்துட்டேன்.”

“சுவரை மட்டுமாவது வரைஞ்சிருக்கலாமே?”

“வரையலாம்தான். ரெண்டு தடவை உட்கார்ந்தேன். கை போகலைங்க” என்றார். “உள்ள வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருசமாச்சு. சரி விடுங்க, புத்தகமெல்லாம் நமக்கெதுக்கு?”

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது, என் மேலேயே. அவர் போனை வாங்கி ஏகாம்பரத்திடம் பேசினேன். ஆவடியில் யாருமே இதை அச்சுப்பிழை என்று சொல்லவில்லை, புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றேன். ரொம்ப நேரம் யோசித்தார். “எட்தாறேன். ஆனா ஒர்த்தர் பக்கம் சரியில்லனு திருப்பிக் குட்தாலும் அத்தோட நிறுத்திடுவேன்” என்றார்.

தாமரைச்செல்வி ஸ்கூட்டரை வீட்டில் விட்டுவிட்டு, எனக்கும் ஒரு தட்டு எலுமிச்சைச் சாதம் போட்டார். இரண்டே முக்காலுக்குக் காடுவெட்டி வழியாகத் திருவேற்காட்டுக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு முப்பது ரூபாய், முப்பத்தைந்து நிமிடப் பயணம். முன்னால் உட்கார்ந்திருந்தேன். சிக்னலில் டிரைவர் என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்து, “இன்னாக்கா, மெஷின்ல பேப்பர் மாட்டிகிச்சா?” என்றார். பின்னால் இருந்த தாமரைச்செல்வி முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கோயிலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் ஒரு சின்ன மண்டபம். அறுபது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து வேனில் வந்தவர்கள், மீதி உள்ளூர்க்காரர்கள். ஏகாம்பரம் ஒரு கட்டை மட்டும் பிரித்து வைத்திருந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பேத்திக்காக வாங்கிய உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் நடுப்பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “இது வெள்ளையா இருக்கே, வேற பிரதி தர்றீங்களா?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். ஏகாம்பரம் புத்தகத்தை வாங்கக் கை நீட்டிவிட்டார். தாமரைச்செல்வி எழுந்து நின்றார். நான் சொல்லலாமா என்று எழுவதற்குள் தாமரைச்செல்வியின் பக்கத்து வீட்டுக்காரர் சாந்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார்.

“எங்க ஊட்டுக்காரரு அங்கதான் வேல செய்றாரு நைனா. இருவத்தாறு வருசமா டப்பா கட்டிக் குட்துகினு கீறேன். உள்ள எங்க குந்திகினு துன்றாருன்னு எனக்குத் தெரியாது. கேட்டு வரைக்கும்தான் தெரியும். அதுக்கு அப்பால எனக்கும் இப்டி வெள்ளையாத்தான் கீது.”

பெரியவர் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு பிரதிக்கும் பணம் எடுத்தார். ஏகாம்பரம் இரண்டாவது கட்டின் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

சாந்தி அம்மாளுக்கு நான் பட்ட கடன் பெரியது. என் வாய் கெடுத்ததை அவர் வாய் காப்பாற்றியது. ஒன்றும் கேட்காமல் சாதம் போட்ட தாமரைச்செல்விக்கும், தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்ட ஏகாம்பரத்துக்கும் மனசார நன்றி. நாற்பது நிமிடத் தூரத்தில் இவ்வளவு நல்ல மனிதர்கள் புத்தகம் போட்டுக்கொண்டிருப்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்பதுதான் வருத்தம்.

போக நினைப்பவர்களுக்கு: அம்பத்தூர் கடை ஒன்பதரைக்குத் திறக்கும், ஞாயிறு மதியம் மூடிவிடும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். திருவேற்காட்டிலிருந்து திரும்பக் கோயம்பேட்டுக்கு ஷேர் வேன் முப்பது ரூபாய், ஆறு மணிக்கு மேல் நெரிசல். ஆவடியில் அந்தச் சாலையில் போகும்போது போன் பையிலேயே இருக்கட்டும். இந்தப் பதிவில் அந்த இடத்தின் படம் இல்லாததும் அதனால்தான்.

புத்தகத்தில் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குவதாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் கேளுங்கள், நடுப்பக்கத்தில் மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டேன். இவ்வளவு வெள்ளை இருக்கிறதே, இங்கேயே போடுங்கள் என்று விரித்து நீட்டினேன். தாமரைச்செல்வி பேனாவின் மூடியைத் திறந்தார், ஒரு கணம் அந்த வெள்ளையைப் பார்த்தார், பிறகு பக்கங்களைத் திருப்பி, முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.