மைக்செட்டில் போட்ட மூன்று கோடுகள்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவன் எழுத வந்ததைப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மைக்செட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்களை மெட்றாசோடு சேர்க்கச் சொல்லி நடந்த எல்லைப் போராட்ட வருடங்களில் பாறசாலைப் பக்கம் எங்கே கூட்டம் என்றாலும் நான் மைக் கட்டப் போவேன். ஆம்ப்ளிபயரின் வால்யூம் திருகைச் சுற்றி சாக்பீஸால் மூன்று கோடு போட்டு வைத்திருந்தேன். கீழ்க்கோடு பிள்ளைகளுக்கு, அவர்கள் குரல் மெல்லியது, ஆனால் கூர்மையானது. நடுக்கோடு பெண்களுக்கு. மேல்கோடு ஆண்களுக்கு, அவர்கள் குரலின் அடிச்சத்தத்தைக் குழாய் ஸ்பீக்கர் விழுங்கிவிடும். வயசானவர்களுக்குக் கோடு கிடையாது. குரலைவிட மூச்சுதான் அதிகம் வரும் என்பதால் கையைத் திருகிலேயே வைத்திருக்க வேண்டும்.

அன்று சந்தை மைதானத்தில் கூட்டம். ஓரத்தில் போலீஸ் தடியோடு வரிசையாக நின்றது. அந்த வரிசைக்கு முன்னால் தரையில் பெண்கள். அவர்களுக்குள் என் தங்கை, கைக்குழந்தையோடு.

பேச வந்த தலைவருக்குக் கனத்த தொண்டை. மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தார். கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சைகை காட்டினேன்.

"எலே, எனக்க சத்தம் மெட்றாசு வரைக்கும் கேக்கணும் ஆக்கும்!"

"மெட்றாசுக்குக் கேக்கும். முன்னால இருக்கவங்களுக்குத்தான் காது போவும்" என்றார் மேடையில் இருந்த அன்னம்மாள். வீடு வீடாகப் போய் வேதம் வாசிக்கிற கிறிஸ்தவ சபை ஊழியர் அவர்.

பேச்சின் பாதியில் எங்கிருந்தோ ஒரு கல் போலீஸ் பக்கம் விழுந்தது.

"இனி ஒரு கல்லு வந்நால் அடி வீழும்!" என்று இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் கத்தினார்.

ஜனம் எழுந்தது. தலைவர், "இருங்க! இருங்க!" என்று அலறினார். நான் பயத்தில் திருகை மேல்கோட்டையும் தாண்டித் திருப்பிவிட்டேன். அதுதான் தப்பு. அலறும்போது ஆண்குரலும் மேலே ஏறிவிடும். ஏறிய குரல் குழாயில் கிழிந்து வெறும் இரைச்சலாக வந்தது. பின்னால் நின்றவர்கள் அடி விழுந்துவிட்டது என்றே நினைத்து முன்னால் தள்ளினார்கள். தங்கை குழந்தையை மூடிக்கொண்டு குனிந்தாள். தடிகள் உயர்ந்தன.

திருகை நடுக்கோட்டுக்கு இறக்கினேன். தலைவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி அன்னம்மாளிடம் நீட்டினேன்.

"அக்கா, கத்தண்டாம். வீட்டில வேதம் வாசிக்கிற மாதிரி சொல்லுங்க."

மேடையில் நான் அவ்வளவு பேசியது அன்றுதான்.

"மக்கா, ஆரையும் அடிக்கல்ல" என்றார் அவர். நிறுத்தினார். "நின்ன எடத்தில இருங்க." மறுபடி நிறுத்தினார்.

எழுத்து தெரியாதவர்களுக்கு அவர் அப்படித்தான் ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொடுப்பார். அவர்கள் திருப்பிச் சொல்லுவார்கள். அந்தப் பழக்கத்தில் முன்வரிசைப் பெண்கள், "நின்ன எடத்தில இருங்க" என்று திருப்பிச் சொன்னார்கள். அடுத்த வரிசையும் சொன்னது. சொன்னவர்கள் உட்கார்ந்தார்கள். கடைசி வரிசை வரை அது போய்ச் சேர்ந்தது. இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார், தடிகள் இறங்கின.

குழந்தை அப்போதுதான் அழ ஆரம்பித்தது. மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்டது.

கூட்டம் பயந்தால் முதலில் திருகை இறக்குங்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

மறுநாள் காலை போலீஸ்காரர்கள் வந்து, கூட்டத்தைக் கிளப்பிவிட்ட சாமான் என்று சொல்லி ஆம்ப்ளிபயரை ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனார்கள்.