ஒரே ஆள் போதும் என்ற ஸ்டாண்டு

அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவருக்குத் தெருவில் கிரீஸ் மாமா என்று பேர். லீவு வந்தால் போதும், பைக்கே கதி என்று கிடப்பார். வண்டிக்கு நடு ஸ்டாண்டு கிடையாது. செயினைக் கழுவுவதற்காக மனைவி ஹேண்டில்பாரைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வாள். இவர் அடியில் கட்டையைச் செருகிப் பின்சக்கரத்தைத் தூக்குவார். ஒரு தரம் கேட்காமல் கட்டையை உருவப் போய் இவர் கட்டைவிரல் நசுங்கியது. அன்று முதல், "இறக்கட்டுமா?" என்று இவர் கேட்காமலும், "ம், இறக்குங்க" என்று அவள் சொல்லாமலும் வண்டி தரையைத் தொட்டதில்லை.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு செயின் துருவேறிப் போனது. "வித்துடலாம்ப்பா. ஒண்டியா என்னத்தப் பண்ணுவீங்க?" என்றாள் மகள். மனைவி கை பட்ட வண்டியாயிற்றே.

"ஒரு தடவை தனியா செஞ்சு காட்டறேன். முடியலேன்னா வித்துடு."

பைக் சாமான் கடைக்குப் போனதும் கடைக்காரர் முதலில் ஒரு ஜாக்கியை எடுத்து வைத்தார். எஞ்சினுக்கு அடியில் வைத்துச் சுற்றினால் தூக்கும்.

"தூக்கும்போது வண்டியை யாராச்சும் பிடிக்கணுமே?"

"வீட்ல அண்ணி பிடிப்பாங்கல்லண்ணா?"

மாமா அதைத் தள்ளி வைத்தார். பாவம், கடைக்காரருக்கு என்ன தெரியும். அடுத்தது பின்சக்கர ஸ்டாண்டு. அகலமான கால், ரப்பர் போட்ட இரண்டு தாங்கி. கடையில் நின்ற ஒரு வண்டியை மாமா அதில் ஏற்றி, சீட்டைப் பிடித்து ஆன மட்டும் உலுக்கிப் பார்த்தார். அசைந்து கொடுக்கவில்லை.

"இதுக்கு ஒரே ஆள் போதும்ணா."

வாங்கிய ஸ்டாண்டோடு அந்த வார்த்தையும் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

ஞாயிறு காலை ஸ்டாண்டின் கைப்பிடியை அமுக்கியதும் பின்சக்கரம் சமர்த்தாக எழும்பியது. செயினைத் தேய்த்துக் கழுவி எண்ணெய் விட்டார். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. ஜெயித்துவிட்டோம் என்று மனசு துள்ளியது. இறக்குவதற்காகக் கைப்பிடியைப் பிடித்தார்.

"இறக்கட்டுமா?"

வாய் தானாகக் கேட்டுவிட்டது. ஹேண்டில்பார் பக்கம் யாரும் இல்லை. இருந்தும் கை மரத்துப்போகும் வரை காத்துக்கொண்டு நின்றார். பிறகு அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் பஸ்ஸில் வேலைக்குப் போய்த் திரும்பியவரை மகள் வாசலிலேயே மடக்கினாள். "என்னப்பா, முடியலையா?"

"முடிஞ்சுதும்மா. செயின் புதுசாட்டம் ஓடுது."

"அப்புறம் ஏன் வண்டி ஸ்டாண்டுலயே நிக்குது?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்கம்மா இன்னும் இறக்கச் சொல்லலை."

மகள் போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். அவர் குனிந்து ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, "இறக்கட்டுமா?" என்றார்.

"இறக்குங்க" என்று சொல்ல மகளுக்கும் வாய் வரவில்லை.