கிணற்றடி வேலி

மேல்மாடியில் நின்ற வெள்ளைக்காரன் கையை ஆட்டினபோது இசபெல் கிணற்றடியில் தலைக்கு வார்த்துக்கொண்டிருந்தாள். மார்புக்கு மேல் முடிந்த குறுக்குக்கட்டு, கண்ணில் சவர்க்கார நுரை. வேறு யாருக்கோ ஆட்டுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு குருவியும் இல்லை. அவள் வாளியை எறிந்த எறியில் அது கிணற்றுக்கட்டில் மோதி வாய் பிளந்தது.

மாடி அவள் புருஷன் அமல்ராஜின் அண்ணன் இன்னாசிப்பிள்ளையுடையது. கற்பிட்டிப் பக்கம், கடல்நீர் தேங்கிய களப்பின் ஓரத்தில், அண்ணனுக்கும் தம்பிக்கும் அடுத்தடுத்த வளவு. நடுவில் பூவரசங் கதியால் நட்டுத் தென்னோலைக் கிடுகு அடைத்த வேலி நின்றது. நாட்டில் யுத்தம் முடிந்த பிறகு, காற்றுக் காலத்தில் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்கி விளையாட வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்கினார்கள். இன்னாசிப்பிள்ளை மீன்பிடி வள்ளத்தை விற்று, வீட்டுக்கு மேல் மாடி எடுத்து, அறைகள் வாடகைக்கு விட்டார். கல்லும் மண்ணும் ஏற்றின லொறி உள்ளே வரவேண்டுமென்று பூவரசுகளை அடியோடு தறித்தார். வேலை முடிந்ததும் அந்த இடத்தில் கம்பி வலையை இழுத்துக் கட்டினார். கம்பி வலைக்குப் பின்னால் என்னத்தை மறைக்கிறது?

"அத்தான், பொம்பிளைகள் குளிக்கிற இடம். உயரமா ஒரு மதில் கட்டித் தாங்கோ" என்று இசபெல் கேட்டாள்.

"மதில் கட்டினா மேல இருக்கிறவங்களுக்குக் களப்புத் தெரியாது. அதைப் பாக்கத்தானே வாறாங்க" என்றார் அவர். "அவங்கட ஊரில இதெல்லாம் ஒரு விசயமே இல்ல."

"இது எங்கட ஊர்."

இன்னாசிப்பிள்ளை சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அந்தச் சிரிப்புத்தான் அவளை எரித்தது.

அமல்ராஜ் கடலில் நல்ல துணிச்சல்காரன். அண்ணனுக்கு முன்னால் மட்டும் அவனுக்கு வாய் வராது. "அண்ணனோட என்னெண்டு சண்டைக்குப் போறது? ஒரு சாக்கைக் கட்டி விடு" என்றான். இசபெல் சாக்குக் கட்டினாள், பிறகு கிடுகு கட்டினாள். தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று இரண்டையும் பிய்த்துக் களப்பில் போட்டது. மகள் டயனா விடிய முந்தி எழும்பி, இருட்டோடு இருட்டாகக் குளித்துவிட்டு வந்தாள். பதினெட்டு வயதுப் பிள்ளை தன் சொந்தக் கிணற்றில் கள்ளியைப்போல் குளிக்கிறாளே என்று இசபெல்லுக்குப் பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கொடி வளர்க்க முடிவெடுத்தாள். காற்றுக்கு வழிவிடாமல் நின்றதால்தானே சாக்கும் கிடுகும் பிய்ந்தன. பழைய மீன்வலையை உயரக் கட்டி அதில் கொடியைப் படரவிட்டால் காற்றோடு சேர்ந்து ஆடிவிட்டு நிற்கும் என்று கணக்குப் போட்டாள். தென்னங்குற்றிகள் நட்டு, வேலியோரத்து மாமரத்தோடு சேர்த்து, ஓர் ஆளுக்கு மேல் இன்னோர் ஆள் உயரத்துக்கு வலையைக் கட்டினாள்.

கன்று வாங்க நுரைச்சோலை வீதிக்குப் போனாள். அங்கே ஸக்கியா பூக்கன்று விற்றாள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உடுத்த உடுப்போடு வந்த குடும்பம் அவளுடையது. இசபெல் கண்ணுக்குப் பிடித்த கடதாசிப்பூ எனும் போகன்வில்லாச் செடிகளாகப் பார்த்து வாங்கிவந்து நட்டாள். முள் இருக்கிறது, ஒருவனும் கிட்ட வரமாட்டான் என்று ஒரு சந்தோசம். ஆனால் மாமரமும் மாடியும் சேர்ந்து அந்த வேலியில் நாள் முழுக்க நிழலைக் கொட்டின. செடி வெயிலைத் தேடி இன்னாசிப்பிள்ளையின் வளவுக்குள் எட்டிப் படர்ந்து, அங்கே குலை குலையாகப் பூத்தது. அவள் பக்கம் வெறும் முள்ளுத் தடி. வந்தவர்கள் பூவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள், படத்தின் பின்பக்கத்தில் இசபெல்லின் கிணறு.

வேரோடு பிடுங்கி எறிந்தாள். கை முழுக்கக் கீறல்.

அடுத்து, சும்மா கிடைக்கிற கோவைக் கொடியை விட்டாள். மாரி மழைக்கு அது வலையை மூடிப் பச்சைப் பாயாக நின்றது. டயனா வெளிச்சத்தில் குளித்தாள். அந்த நேரம் மாடியில் ஆளே இல்லை. சோளகம் பிறந்து வெளிநாட்டுக்காரர் பெட்டியும் பட்டமுமாக வந்து இறங்க, கோவை இலையைக் கொட்டிவிட்டுச் சுள்ளியாகத் தொங்கியது. மறைப்புத் தேவைப்படுகிற காலத்தில் மொட்டையாகிற மறைப்பு! இசபெல் காய்ந்த கொடியை இழுத்து நெருப்பு வைத்தாள். புகை மாடிக்குப் போனது. போகட்டும் என்று இன்னும் நாலு தென்னமட்டையைத் தூக்கிப் போட்டாள்.

மறுபடியும் ஸக்கியாவிடம் போய்ச் சத்தம் போட்டாள். "என்ன கன்று ராத்தா விக்கிறீங்க? அவன்ட பக்கம் போய்ப் பூக்கிற கன்று!"

"நிழல் எண்டு நீ சொல்லலயே தங்கச்சி" என்று ஸக்கியாவும் சூடாகச் சொன்னாள். பிறகு தண்ணீர் ஊற்றுகிற குழாயை மூடிவிட்டு வந்து குந்தினாள். "எவ்வளவு வெயில் படும்?"

"காலையில ஒரு துண்டு. அதுவும் மாமரத்துக்குள்ளால."

"அப்பப் பூவை மற. வருசம் முழுக்க இலை நிக்கோணும், அவ்வளவுதானே? வெத்திலை நிழலில வரும். மிளகும் வரும், ஆனா மெதுவா. மணி பிளாண்ட் இருக்கு. அதை நிலத்தில விட்டு மரத்தில ஏத்தினா இலை தாம்பாளம் மாதிரி வரும்."

"எங்கட கிணத்து உப்புத் தண்ணிக்கு?"

"அது எனக்குத் தெரியாது. ரெண்டு மூண்டையும் வைச்சுப் பார்."

வைத்துப் பார்த்தாள். வெற்றிலை ஒரு முழம் ஏறி, இலை நுனி கருகிச் செத்தது. மிளகு நின்ற இடத்திலேயே நின்றது. மணி பிளாண்ட் மட்டும் பிடித்தது. இசபெல் குழி வெட்டி, மணலை அள்ளிவிட்டு, இலைக்குப்பையும் ஆட்டெருவும் போட்டாள். குற்றிகளில் தேங்காய்த் தும்பைச் சுற்றி ஈரமாக வைத்தாள். வலையைத் தானாகப் பிடிக்காத கொடியைச் சீலைக் கிழிசலால் கண் கண்ணாகக் கட்டிவிட்டாள். தண்ணீருக்கு மழைப் பீப்பாய், அது வற்றினால் கோயில் குழாய். அடுத்த சோளகம் வந்தபோது இலைகள் கை அகலத்துக்கு விரிந்து வலையின் உச்சியைத் தொட்டன. மாடியிலிருந்து பார்த்தால் மாமரமும் பச்சையும்தான். டயனா பகலில் தலை முழுகி, கிணற்றுக்கட்டில் குந்தி முடி உலர்த்தினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது கொடியின் உச்சி வெட்டுப்பட்டிருந்தது. தோள் உயரத்துக்கு மேலே ஒன்றுமில்லை. வலையையும் சேர்த்துச் சீவியிருந்தது. இலைகள் கிணற்றுக்குள் மிதந்தன. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இன்னாசிப்பிள்ளை கத்தியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"களப்பு மறைக்குதெண்டு ஆட்கள் கதைக்கிறாங்க இசபெல். கொடிதானே, திரும்ப வரும்."

இசபெல் வீட்டுக்குள் போய்ப் பூசைச் சேலையை அவிழ்த்துவிட்டுக் குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். வாளி, சவர்க்காரம், துவாய் எல்லாம் எடுத்தாள். "எங்க போறாய்?" என்று அமல்ராஜ் கேட்டது காதில் விழவில்லை. படலையைத் திறந்து, வீதியால் நடந்து, இன்னாசிப்பிள்ளையின் முன்வாசலால் நுழைந்தாள். முற்றத்தில் மேசை போட்டு ஆட்கள் பாணும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கால் கழுவுகிற குழாய் அங்கேதான். வாளியை வைத்து, குழாயை முழுக்கத் திறந்து, தலையில் ஊற்றினாள்.

"மேல ஏறி நிண்டு ஏன் பாக்கோணும்?" என்று கத்தினாள். "கால் நோகும். இருந்து வடிவாப் பாக்கச் சொல்லுங்கோ அத்தான்!"

கதிரைகள் பின்னால் இழுபட்டன. ஒருத்தி எழும்பி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீதியால் போன பெண்கள் மதிலோரம் நின்றுவிட்டார்கள். இன்னாசிப்பிள்ளை ஓடிவந்தார். "உனக்கு விசரா? மானம் போகுது!"

"ஆருடைய மானம்? என்ர பிள்ளை இருட்டில குளிச்சாளே, அப்ப உங்கட மானம் எங்க போனது?"

அவர் வாளியைப் பிடுங்கக் கை நீட்டினார். அதற்குள் அவர் மனைவி றோசா குசினி அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். இத்தனை நாளும் வாயே திறவாத மனுசி. முற்றத்தில் காயப்போட்டிருந்த கட்டில் விரிப்பை எடுத்து இசபெல்லின் தோளில் போர்த்தினாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"கலியாணம் முடிச்சு வந்து கனகாலம் நானும் அந்தக் கிணத்திலதான் குளிச்சனான். அப்ப ஒருத்தன் இப்படி மாடி கட்டியிருந்தா விட்டிருப்பீங்களா? இனி அந்தக் கொடியில கை வைச்சா, இவங்களுக்கு நீங்களே சமைச்சுக் குடுங்கோ."

இசபெல் விரிப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாளியோடு திரும்பினாள். வாசலுக்கு வெளியே அமல்ராஜ் நின்றான். அவளிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டு, அண்ணனைப் பார்த்து, "கத்தியைக் கொண்டு என்ர வளவுப் பக்கம் வராதை" என்றான். குரல் உடைந்துதான் வந்தது. ஆனாலும் சொன்னான்.

இன்னாசிப்பிள்ளை மன்னிப்புக் கேட்கவில்லை. கதிரைகளை மாடியின் மற்றப் பக்கத்துக்கு மாற்றினார். கோயிலில் இசபெல்லைக் கண்டால் தூணைப் பார்ப்பார். அறுந்த வலையை அமல்ராஜ் திரும்ப உயரக் கட்டினான். கொடியில் வெட்டின இடத்துக்குக் கீழே ஒன்றுக்கு இரண்டாகத் தளிர் வந்து, மாரி முடிய முன்னர் வலை மூடியது.

கன்றுக்கு எரு வாங்கப் போனபோது ஸக்கியா கேட்டாள். "கோவம் ஆறிட்டுதா?"

"ஏன் ராத்தா ஆறோணும்?" என்றாள் இசபெல். எரு மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.