நீலம் பாரித்த வான்கோழி

கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக முப்பது வருஷம் மாட்டு வால் பிடித்தவன் நான். சங்கரன்கோவிலில் என் கைராசியைவிட என் தும்மல் பிரபலம். முன்பிருந்த டாக்டர் ஒருவர், "வே, ஒம்ம தும்மலுக்குச் சினை மாடு இங்கனயே கன்னு போட்டுரும் போலிருக்கே!" என்று தலையில் கைவைத்துக்கொள்வார்.

1. சாக்கில் வந்த நோயாளி

ஓய்வு பெறும் வருஷம். ஒரு திங்கள் காலை, தறி ஓட்டும் முப்பிடாதி மொபெட்டில் ஒரு சாக்கோடு வந்தான். உள்ளே வான்கோழிச் சேவல். ராஜபாளையம் ரோட்டில் ஏதோ வண்டியிலிருந்து விழுந்ததை நாய்களிடமிருந்து பிடுங்கி வந்திருக்கிறான். தேடி யாரும் வரவில்லை. இடது கால் தொங்கியது. பின்னாலேயே அவன் மைத்துனன் சுடலை, கையில் காலிப் பையோடு.

"அண்ணாச்சி, பொழைக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மசாலா வாங்கப் போறேன்."

"ஏலே, நாய் வாய்லேருந்து பிடுங்குனது ஒன் வாய்ல போடவா?" என்றான் முப்பிடாதி.

குனிந்து பார்த்தேன். முகமெல்லாம் நீலம். மாட்டுக்கு நாக்கு நீலமானால் கதை முடிந்தது என்பது என் படிப்பு. "விஷம் ஏறிட்டு. பாம்பு கடிச்சிருக்கு" என்று நிபுணர் மாதிரி அறிவித்தேன். சுடலையின் முகம் செத்துவிட்டது. விஷக்கறியை எப்படித் தின்பது?

இப்போது எங்கள் மருந்தகத்தில் இருக்கும் டாக்டரம்மா வந்து பார்த்துச் சிரித்தார். "அண்ணாச்சி, வான்கோழிக்குக் கோவம் வந்தா மூஞ்சி நெறம் மாறும். ஒங்களப் பாத்துதான் வந்திருக்கு."

சுடலைக்கு உயிர் திரும்பியது.

2. தார்க்குச்சி வைத்தியம்

கால் எலும்பு முறிவு. எங்களிடம் இருந்த மூங்கில் பத்தையெல்லாம் கன்றுக்குட்டி அளவு. முப்பிடாதி மொபெட் பெட்டியிலிருந்து இரண்டு தார்க்குச்சிகளை எடுத்து நீட்டினான். தறியில் ஓடும் நாடாவுக்குள் நூல் சுற்றி வைக்கிற குச்சி. பஞ்சு சுற்றி இரண்டு பக்கமும் வைத்துக் கட்டினோம். கச்சிதம்.

"மூணு வாரம். அப்பமும் எந்திரிக்கலைன்னா கஷ்டம்" என்றார் டாக்டரம்மா. சுடலை காதில் கடைசி வார்த்தை மட்டும் விழுந்தது.

"நிக்கலைன்னா எடுத்துக்க. நின்னா இதப் பத்திப் பேசவே கூடாது" என்றான் முப்பிடாதி.

தறிக்கூடத்து மூலையில் கூடையில் படுக்கை. தினமும் சாயங்காலம் போய் மருந்து கொடுத்தேன், புண்ணைத் துடைத்தேன். சம்பளமாக என் சட்டைப் பொத்தான் இரண்டை விழுங்கியது. வீட்டில் மனைவி கேட்டாள்: "எனக்குக் கால் வலிக்குன்னு ஒரு மாசமா சொல்லுதேன், திரும்பிப் பாத்தீயளா? நானும் ரோட்டுல போய் விழணுமோ?"

3. கட்டுப் பிரித்த நாள்

மருந்தகத்துக்குக் கொண்டுவந்து கட்டைப் பிரித்தோம். எலும்பு கூடியிருந்தது. ஆனால் பறவை எழவில்லை. தூக்கி நிறுத்தினால் மடங்கி உட்கார்ந்தது. கம்புத் தானியம் காட்டினோம், உட்கார்ந்தபடியே தின்றது. "கால் சரியாயிட்டு. அதுக்குத்தான் நம்பிக்கை வரல" என்றார் டாக்டரம்மா. சுடலை பையை உதறி விரித்தான். முப்பிடாதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கடைசியாக ஒருமுறை தூக்கிப் பார்ப்போம் என்று குனிந்தேன். மூன்று வாரத் தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசி அதன் இறகெல்லாம். மூக்கில் ஏறியது. தும்மினேன்.

"குளுகுளுகுளு!"

இரண்டு காலிலும் எழுந்து, வாலை விசிறியாக விரித்து, முகம் நீலமாக என்மேல் பாய்ந்தது. மாட்டுக்கு ஊசி போடும்போது அடைக்கிற இரும்புச் சட்டத்துக்குள் நான் ஏறி நின்றேன்.

"அண்ணாச்சி, ஒங்கள வேற ஒரு சேவல்னு நெனச்சிட்டு!" டாக்டரம்மா சிரிப்பில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். முப்பிடாதிக்குக் கண்ணில் தண்ணீர். சுடலை பையை நாலாக மடித்தான். "நின்னுட்டுல்லா... சரி மச்சான், கம்பு தீந்திருக்கும். இந்தப் பையில வாங்கிட்டு வாரேன்."

இந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மாட்டுக்குப் படித்ததை வைத்துப் பறவைக்குச் சாவு குறிக்காதீர்கள்; நான் விஷம் என்று நினைத்த நீலம், அதன் ரோஷம். தும்மல் வந்தால் அடக்காதீர்கள். இரும்புச் சட்டம் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.