பழைய கொப்பியும் மூன்று பிடி மண்ணும்

மக்களே, உங்கள் மாமா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று பாடசாலையில் பிள்ளைகள் உங்களிடம் கேட்கிறார்களாம். உம்மாவின் கூடப்பிறந்த காக்காவை நான் ஏமாற்றிவிட்டேன் என்று ஊரில் ஒரு கதை ஓடுகிறது. அது பொய். நான் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவன், கல்முனையில் போன் திருத்துகிறவன். வடிவாக எழுத வராது. ஆனாலும் நடந்ததை வாப்பாவிடமிருந்தே நீங்கள் அறிய வேண்டும்.

ஊரில் யாராவது மவுத்தானால், அடக்கம் எப்போது என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். தூரத்து வயலில் நிற்பவனுக்கு அது கேட்காது. அவனுக்காகத்தான் ஒரு போன் ஆப்பைச் செய்தேன். பள்ளிவாசலில் இருந்து எனக்குச் செய்தி வரும், நான் போடுவேன், ஆப்பை வைத்திருப்பவர்களின் போனெல்லாம் சத்தம் போடும். வீடியோ பார்த்துப் பார்த்து நானே படித்துச் செய்தது. செலவைச் சமாளிக்க விளம்பரம் கேட்டுக் கடை கடையாக ஏறினேன். ஒரு துணிக்கடை முதலாளி சொன்னார்: "மவுத்து அறிவித்தலுக்குக் கீழ எங்கட கலியாணச் சாரியப் போடப் போறீங்களா? நல்ல ராசிதான். போங்க தம்பி." மற்றக் கடைக்காரர்கள் அந்த அளவுக்குக்கூடக் கதைக்கவில்லை.

பிறகு ஒரு பழுது தெரிந்தது. சில போன்கள் பெற்றரியை மிச்சம் பிடிப்பதற்காக, கொஞ்ச நாள் திறக்காத ஆப்பைத் தூங்க வைத்துவிடும். பிறகு செய்தி போட்டாலும் அந்தப் போன் சத்தம் போடாது. மவுத்து ஆப்பை எவன் தினமும் திறந்து பார்ப்பான்? காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரும் பாடு பட்டேன். ஆப்பைத் திறந்தவுடனேயே, தூங்க வைக்காமல் இருக்க அனுமதி கேட்கும்படி மாற்றி, ஸ்டோரில் போட்டேன். அதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நம் ஊரில் யார் ஸ்டோருக்குப் போகிறார்கள்? போன் வாங்கும்போது கடைக்காரர்தான் ஈமெயில் திறந்து கொடுப்பார். பாஸ்வேர்ட் அவருக்கும் நினைவில்லை, வாங்கியவருக்கும் நினைவில்லை. அதனால், "ஒங்கட போன்ல இரிக்கிறத எனக்கும் அனுப்புங்க" என்று வாட்ஸப்பில் ஆளுக்கு ஆள் கொப்பி வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கொப்பிக்குத் திருத்தம் போய்ச் சேராது. ஸ்டோரில் பார்த்தால் என் ஆப்பை ஊரில் ஒருவரும் வைத்திருப்பதாகத் தெரியாது. ஊருக்குள் பார்த்தால் எல்லார் கையிலும் இருக்கிறது, பழுதோடு. கடைக் கண்ணாடியில் எழுதி ஒட்டினேன், வருகிறவர்களிடம் சொன்னேன். சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினார்கள்.

இன்னொன்றும் நடந்தது. முன்பு ஒரு மவுத்து என்றால் ஒருவருக்கொருவர் போனில் கோல் பண்ணிச் சொல்வார்கள். ஆப் வந்த பிறகு, சொந்தக்காரருக்குச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு, "அதுல வந்திரிக்கும்தானே."

அப்படித்தான் மாமாவின் கூட்டாளி மவுத்தான செய்தி மாமாவுக்கு எட்டவில்லை. அடுத்தடுத்த வயலில் இருவரும் காலகாலமாக வெள்ளாமை செய்தவர்கள். பகல் லுஹர் தொழுகையோடு அடக்கிவிட்டார்கள். மாமா அந்த நேரம் வயலில், வரம்பு வெட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

மறுநாள் கடைக்கு வந்தார். சலாம் சொல்லவில்லை. போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது சத்தம் போட்டிச்சா மச்சான்?"

வாங்கிப் பார்த்தேன். பழைய கொப்பி. "இது ஆரு தந்த?"

"நெல்லு மில்லுல ஒராள் அனுப்பின. ஆரு தந்தா என்ன, ஒங்கட ஆப்தானே?"

"எண்ட ஆப் ஸ்டோர்ல இரிக்கி. இதுக்குத் திருத்தினது வராது. ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச நான். ஒங்களுக்கு மச்சான்ட கடைக்கு வந்து போட்டுக்க நேரம் வரல்ல."

"எனக்கு ஸ்டோரும் தெரியா, ஒண்டும் தெரியா. அவன அடக்கக்க மூணு பிடி மண் போடக் கிடைக்கல்ல எனக்கு. பின்னேரம் தேத்தண்ணிக் கடையில போய் நிண்டு, 'எங்க அவன, இண்டைக்கி வயலுக்கே வரல்ல' எண்டு கேக்கிறன். எல்லாரும் என்னப் பாக்கிறானுகள்."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் போனுக்குக் கண்ணாடி மாற்ற வந்து உட்கார்ந்திருந்த ஒருவர் சிரித்தார். "மச்சானுக்கே வேல செய்யல்லயா? அப்ப நாம மவுத்தானா நமக்கே தெரிய வராது போல."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "ஓசியில கொப்பியடிச்ச சாமானுக்கு என்னட்ட ஜவாப் கேக்க வந்திருக்கிறீங்க" என்றேன்.

மாமா அதுவரை என்னை 'நீங்க' என்றுதான் கதைப்பார்.

"நீ மவுத்துல யாவாரம் பாக்கிறவன். நீ இரிக்கிற ஊட்டுக்கு நான் இனி வரமாட்டன். அது எண்ட வாப்பா தங்கச்சிக்கிக் கட்டிக் குடுத்த ஊடு. அதையும் நெனப்பில வெச்சிக்க."

சீதன வீட்டில் இருக்கிற மருமகனுக்கு எங்கே குத்தினால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். போனைப் பறித்துக்கொண்டு போய்விட்டார். கண்ணாடி மாற்ற வந்தவரை நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினேன்.

மாமா மீது எனக்கு இன்னும் கோபம்தான். ஊர் மீதும் கோபம்தான். ஆனால் ஒன்று மட்டும் மனதில் நின்றது. ஒலிபெருக்கி பழுதானால் ஊருக்கே தெரியும். இது பழுதென்று தெரிவது மையித்தை அடக்கிய பிறகுதான்.

கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுக் கணினியைத் திறந்தேன். பழைய கொப்பிகளும் செய்தியை என்னிடமிருந்துதான் எடுக்கின்றன. அவற்றுக்குப் போகும் செய்தியை நிறுத்தினேன். இனி அந்தக் கொப்பியை யார் திறந்தாலும் தெரியும்படி ஒரு வரி எழுதினேன்: 'இது வேலை செய்யாது. இதை நம்ப வேண்டாம். ஒருவருக்கொருவர் கோல் பண்ணிச் சொல்லுங்கள்.' ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். அனுப்பினேன்.