கப்பல் செயலியும் கறாரான செக்கரும்

நிரலை எல்லாருக்கும் திறந்து வைக்கும் ஓப்பன் சோர்ஸ் வேலையில் சம்பளம் கிடையாது. அதனால் யாரையும் வேலையிலிருந்து தூக்க முடியாது, கோபித்துக்கொண்டு போகிறவரைப் பிடித்து வைக்கவும் முடியாது. அடுத்தவர் எழுதிய நிரலைப் படித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் சக ஜீவன்களே, உங்களுக்கு இது தெரியும்.

அந்தமானில் போர்ட் பிளேயரிலிருந்து மற்ற தீவுகளுக்குப் போகும் கப்பல் நாளைக்கு உண்டா, இல்லையா என்று சொல்லும் செயலி எங்களுடையது. எழுதுவது மூன்றே பேர். ஒருவர் எழுதியது மற்றவருக்குப் புரியாமல் போனால், யாரோ ஒருவர் மூட்டை முடிச்சோடு ஜெட்டி எனும் கப்பல்துறையில் நின்று ஏமாறுவார். அதனால்தான் செக்கர் என்ற சோதிக்கும் நிரலை வைத்தேன். நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு வரியையும் அது படிக்கும். எழுத்து முறை விதிக்கு மாறாக இருந்தால் உள்ளே விடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

முதல் நாளே முறைப்பு

காதர் பாய்க்குப் போர்ட் பிளேயரின் அபர்தீன் பஜாரில் மொபைல் ரிப்பேர் கடை. செயலியில் பாதி அவர் எழுதியது. அவர் போனால் செயலி படுத்துவிடும். அவருடைய நிரல் ஜோராக ஓடும், படிக்கத்தான் முடியாது. எல்லாவற்றுக்கும் ஒற்றை எழுத்தில் பெயர், திரையைத் தாண்டி ஓடும் வரிகள். செக்கர் அவருடைய முதல் திருத்தத்தையே திருப்பி அனுப்பியது. நான் இருக்கும் பத்துபஸ்தியிலிருந்து ஆட்டோ பிடித்துக் கடைக்கே போய் விளக்கினேன். முதுகு திறந்த போன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டவர் சொன்னார்: "ஓடுற கோடுக்கு எதுக்கு தங்கச்சி இஸ்திரி? சுத்த பேக்கார், வெட்டி வேலை!"

கச்சாலிலிருந்து வந்த சிவப்பு

மூன்றாவது ஆள் செல்வி. கச்சால் தீவில் ரப்பர் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறாள். இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம். கரண்ட் இல்லாத நாட்களில் போனிலேயே நிரல் எழுதி, சிக்னல் வந்ததும் அனுப்புவாள். போன் சும்மா இருக்குமா? வரிகளின் முதல் ஆங்கில எழுத்தைப் பெரிதாக்கி, மேற்கோள் குறிகளை வளைத்து, தன் இஷ்டத்துக்கு அழகுபடுத்திவிட்டது. செக்கர் திரை முழுக்கச் சிவப்பாகத் திட்டியது.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தும் விதியைத் தளர்த்தவில்லை. போன் கீபோர்டில் எதையெல்லாம் அணைக்க வேண்டும் என்று படம் எடுத்து அனுப்பினேன். அது போய்ச் சேரவே அரை நாள் ஆனது. செல்வியின் பதில்: "சரிக்கா, அணைச்சிட்டேன். அந்தச் செவப்பப் பார்த்துட்டு எங்கம்மா, தோட்டத்துக் கங்காணிகூட இப்படி ஏசமாட்டான்னு சொல்லுது."

காவலுக்குத் தூக்க மாத்திரை

பிறகு சில வாரம் பாயிடமிருந்து முணுமுணுப்பே இல்லை. எது அனுப்பினாலும் பச்சை விளக்கு. பாய் திருந்திவிட்டார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. திறந்து பார்த்தால், ஒவ்வொரு கோப்பின் தலையிலும் 'இதைச் சோதிக்காதே' என்று செக்கருக்கு ஒரு கட்டளை! அந்தக் கட்டளையையே தப்பென்று பிடிக்கும்படி புது விதி போட்டேன்.

அவர் போய்விடுவாரோ என்று உள்ளூரப் பயம். ஆனால் விதி விதிதான். மறுநாள் போன் வந்தது: "இன்னொரு வாட்டி ரிட்டர்ன் அடிச்சா நான் கதம், தங்கச்சி. வேற ஆளப் பாத்துக்க."

காற்று எச்சரிக்கை

அந்த இன்னொரு வாட்டி மழையோடு வந்தது. பலத்த காற்று என்று எச்சரிக்கை. கச்சால் கப்பல் ரத்து. பாய் கடை வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு, ரத்து என்று செயலி காட்டும்படி திருத்தம் எழுதி அனுப்பினார். செக்கர் திருப்பி அனுப்பியது. "அந்தச் சனியன ஆஃப் பண்ணு! ஜனங்க கிளம்பிடுவாங்க!" என்று போனில் கத்தினார். தோட்டத்து ஆட்கள் பையோடு ஜெட்டிக்கு லாரி பிடிக்க நிற்கிறார்கள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள் என்று செல்வியின் சேதி.

அணைப்பதற்கு ஒரு கிளிக் போதும். ஆனாலும், செக்கர் என்னதான் சொல்கிறது என்று முதலில் படித்தேன். 'நிரலில் "ரத்து" என்று ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள். அதை எங்கும் பயன்படுத்தவில்லை.' அவசரத்தில் பாய் ரத்து என்று குறித்தவர், திரையில் காட்டும் வரியில் அதைச் சேர்க்க மறந்திருந்தார். செக்கரை அணைத்திருந்தால் செயலி 'கப்பல் உண்டு' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

படித்துக் காட்டினேன். பாய் அந்த வரியைத் தேடிப் பிடித்தார். திருத்தி அனுப்பினார்; பச்சை விழுந்தது. கச்சாலில் லாரி கிளம்பவில்லை என்று செல்வி சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பாய் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு இப்பவும் அவனப் புடிக்கல தங்கச்சி. ஆனா டூட்டியிலேருந்து மட்டும் எடுத்துடாத."

ஆக, இத்தனை மல்லுக்கட்டி நான் கண்ட பலன் இதுதான்: பாய் இன்றைக்கும் நிரலுக்கு நடுவே குறிப்பு போட்டுச் செக்கரைத் திட்டி எழுதுகிறார், ஆனால் செக்கர் அனுமதித்த வரி நீளத்துக்குள் திட்டுகிறார்.