ஓரத்தில் இருந்த தட்டு

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் காரகோல் ஊர்ச் சந்தையில் நான் டிவிடி ப்ளேயர் விற்ற காலத்தில், கடை வாசலில் ஓர் அட்டை தொங்கும். "மங்கலைத் தெளிவாக்கும், சின்னதைப் பெரிதாக்கும்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருப்பேன். பெட்டியின் மேல் வேறு என்னென்னவோ எண்கள் அச்சாகியிருந்தன. பழைய படத்தைப் புதுத் தட்டை டிவிக்கு ஏற்ற அளவுக்கு உயர்த்திக் காட்டும் என்று அதற்கு அர்த்தம். அதை அப்படியே சொன்னால் எங்கள் ஊரில் எவன் வாங்குவான்? நான் எழுதியதைப் படித்து வாங்கினார்கள். விலையும் மலிவு. ஒரே குளிர்காலத்தில் நாற்பது பெட்டி போனது.

வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? முடி வெட்டும் கடைக்காரி சண்டைக்கே வந்துவிட்டாள். "என் கல்யாணப் படத்துல மூஞ்சி பூரா பவுடர் திட்டுத் திட்டாத் தெரியுது. பழையபடி மங்கலாவே இருக்கட்டும், பெட்டியத் திருப்பி எடுத்துக்க" என்றாள். டாக்சிக்காரன் ஒருவன் ஒரே டிவிடியில் பன்னிரண்டு படம் அடைத்த திருட்டுச் சரக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெளியலையேக்கா" என்றான். "இருக்கிறதத்தான்டா தெளிவாக் காட்டும். இல்லாததுக்கு நான் எங்க போவேன்?" என்று விரட்டினேன். இப்படி ஆளுக்கொரு கதை. அதில் ஷார்ஷென் அண்ணனின் கதையை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

ஷார்ஷென் அண்ணன் முப்பது வருஷம் கோதுமை லாரி ஓட்டியவர். கணவாயில் பனி மூடி இரண்டு நாள் மாட்டிக்கொண்டபோதுகூட மூட்டையில் கை வைக்காமல் பசியோடு கிடந்தார் என்று சொல்வார்கள். வயதான பிறகு பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறையில் நிலக்கரி அள்ளினார். அவர் இருந்தவரை பிள்ளைகள் வகுப்பில் நடுங்கியதில்லை. தங்கமான மனுஷன். ஆனால் இப்படிப்பட்ட தங்கங்களிடம் ஒரு தொல்லை உண்டு. தான் தப்பு செய்திருக்கலாம் என்பது அவர்கள் மண்டையில் ஏறவே ஏறாது.

ஒரு நாள் கடைக்கு வந்தவர் அட்டையை இரண்டு முறை படித்தார்.

"ஏம்மா, இதுல எலும்பு தெரியுமா?"

"என்னண்ணே, டாக்டர் வச்சிருக்கிற மிஷின்னு நெனச்சீங்களா?"

"கிண்டல் வேணாம். உனக்குத் தெரியும் எந்த எலும்புன்னு."

தெரியும். தெருவுக்கே தெரியும். ஆட்டை அறுத்து வேகவைத்தால், எந்த எலும்பு யார் தட்டுக்குப் போகிறது என்பதில் எங்கள் ஆட்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இடுப்பெலும்பு, அதாவது ஜம்பாஷ், சபையிலேயே பெரிய மரியாதைக்காரருக்கு. முன்னங்கால் எலும்பு கடைசியில் உட்காரும் இளவட்டங்களுக்கு. ஏழு வருஷத்துக்கு முன்பு ஷார்ஷென் அண்ணன் தன் மகள் எல்னூராவை வழியனுப்பும் விருந்து வைத்தார். அதில் மாப்பிள்ளையின் அப்பா கிதிருக்கு முன்னங்கால் எலும்பு வந்ததாகப் பேச்சு கிளம்பியது. கிதிர் அங்கே வாயைத் திறக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் வீட்டுப் பெண்கள்தான் சொன்னார்கள்.

"நான் என் கையால ஜம்பாஷ எடுத்து முதல் தட்டுல வச்சேன்" என்று அப்போதே சொன்னார் ஷார்ஷென் அண்ணன். "அந்த ஆளு வீட்டுப் பொம்பளைங்கள விட்டுப் பொய் சொல்றாரு."

அந்த ஒரு சொல்லோடு உறவு அறுந்தது. பெண் பாலிக்சி என்ற ஊரில், ஏரியின் அந்த முனையில். வருஷத்துக்கு ஒரு முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்து, அழுதுவிட்டுப் போவாள். இரண்டு அப்பாக்களும் முகம் பார்த்தே ஏழு வருஷம். இப்போது பேரனுக்குச் சுன்னத் விருந்து வைத்திருந்தார்கள். பத்து நாள்தான் இருந்தது. எல்னூரா போனில், "அப்பா, நீங்க வரலன்னா என் புள்ளைக்குத் தாத்தா இல்லன்னு ஊரே பேசும். இனிமே நான் அங்க வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். இவரோ, "அந்த ஆளு சொன்னத வாபஸ் வாங்கட்டும், வர்றேன்" என்று உட்கார்ந்திருந்தார். கையில் ஒரே சாட்சி அந்த விருந்தின் டிவிடி. அதில் தட்டு இருக்க வேண்டிய இடத்தில், படத்தின் கீழ் ஓரமாக, ஒரு வெள்ளைக் கறை மட்டும் இருந்தது. அந்தக் கறையைப் பெரிதாக்கி எலும்பாகக் காட்டத்தான் என் அட்டையை நம்பி வந்திருந்தார்.

இல்லாததைக் காட்டாது என்று அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வியாபாரம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது.

"அதே கறைதான்மா. ஏமாத்திட்ட."

எந்தக் கம்பியில் மாட்டினீர்கள் என்று கேட்டேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்றார். பழைய டிவியின் கம்பி. மாஸ்கோவில் வேலை பார்க்கும் மகன் வாங்கிக் கொடுத்த புதுத் தட்டை டிவியில் போய் அதைச் சொருகியிருக்கிறார். அந்தக் கம்பியில் இந்த ப்ளேயர் தன் வேலையைக் காட்டவே காட்டாது. எனக்கு மனசு கேட்கவில்லை. கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, தட்டை வாய் வைத்த புதுக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தேன்.

வீட்டில் அவர் மனைவி அனார் அண்ணி தேநீர் ஊற்றிக்கொண்டே, "வா, வா. ஏழு வருஷமா இவரு இந்த எலும்பக் கடிச்சுக்கிட்டு இருக்காரு. இன்னும் ஒரு துணுக்கு இறைச்சி வரல" என்றார்.

"நீ பேசாம இரு."

"பேசாமத்தான் இருந்தேன், ஏழு வருஷமா. பொண்ணு போயிடுச்சு."

நான் டிவிக்குப் பின்னால் குனிந்து கம்பியை மாட்டினேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். டிவி படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. பழைய குண்டு டிவியும் அப்படித்தான் செய்யும், யாரும் அதைப் பார்ப்பதில்லை. ரிமோட்டில் தேடி முழுப் படத்தையும் காட்டும்படி வைத்தேன்.

விருந்து ஓடியது. படம் உண்மையாகவே கொஞ்சம் தெளிந்திருந்தது. ஷார்ஷென் அண்ணனின் பெரியப்பா தாமதமாக உள்ளே வருகிறார். எல்லோரும் எழுந்து சலாம் சொல்கிறார்கள். இந்தக் காட்சியை ஷார்ஷென் அண்ணன் நூறு தடவை பார்த்திருப்பார். அதில் கிழவர் மட்டும்தான் தெரிவார். படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கம்பளித் தொப்பி அசையும், யாருடையது என்று தெரியாது.

இப்போது ஓரம் முழுதாக இருந்தது. தொப்பிக்குக் கீழே கிதிரின் முகம். வாசலுக்கு நேர் எதிரே, முதல் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுகிறார். கிழவரின் முழங்கையைப் பிடித்துத் தன் இடத்தில் உட்கார வைக்கிறார். கிழவர் வேண்டாம் என்று கை ஆட்டுகிறார். இவர் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே நகர்ந்து, நாலு பேர் தள்ளி, இடம் கிடைத்த மூலையில் உட்காருகிறார்.

"நிறுத்து" என்றார் ஷார்ஷென் அண்ணன்.

நிறுத்தினேன்.

"தட்டுங்கள எல்லாம் நான் சமையலறையில வரிசையா அடுக்கினேன்" என்றார் மெதுவாக. "முதல் இடத்துக்கு இது, ரெண்டாவது இடத்துக்கு இதுன்னு பசங்ககிட்டக் கொடுத்து அனுப்பினேன். நான் உள்ள வந்து பாக்கல."

"அப்போ ஜம்பாஷ்..."

"பெரியப்பா தின்னுட்டாரு."

மீண்டும் ஓடவிட்டேன். மைக் ஒவ்வொருவர் கையாக வாழ்த்துச் சொல்லப் போகிறது. கிதிர் முறை வந்தது. கேமரா அவர் முகத்தை நெருங்கியது. படத்தின் கீழ் ஓரத்தில், அந்தக் கறைக்கும் கீழே இதுவரை வெட்டுப்பட்டுக் கிடந்த இடத்தில், தட்டு. அதில் நீளமாக, ஒல்லியாக, சந்தேகமே இல்லாமல் முன்னங்கால் எலும்பு. கிதிர் அதை ஒரு முறை குனிந்து பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, "என் மருமகள நான் மகளாப் பாத்துப்பேன்" என்று வாழ்த்தினார்.

அந்தக் குனிந்த பார்வையை நான் மறக்க மாட்டேன். எனக்கு அவர் மேல் வந்த பரிதாபத்தைவிட, டிவிக்கு முன்னால் கைகளைத் தொடைமேல் வைத்துச் சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்த இந்த மனுஷன் மேல் வந்ததுதான் அதிகம்.

"எங்க பெரியப்பாவுக்கு எழுந்து இடம் விட்டாரு" என்றார். "அதுக்குக் கூலியா நான் அந்த எலும்பக் கொடுத்தேன். கேட்டப்போ பொய்யன்னேன்."

"தெரியாம நடந்ததுதானே அண்ணே."

"எலும்பு தெரியாம நடந்தது. பொய்யன்னு சொன்னது தெரிஞ்சுதானே சொன்னேன்?"

அனார் அண்ணி எழுந்து போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு நாள் கிதிர் ஏன் இதைச் சொல்லவில்லை என்று எனக்குக் கோபமாகக்கூட வந்தது. ஆனால் எப்படிச் சொல்வார்? "நான் உன் பெரியவருக்கு மரியாதை கொடுத்தேன்" என்று தன் வாயால் சொல்லிக் காட்டினால், கொடுத்த மரியாதை அங்கேயே செத்துப்போகும். எங்கள் ஆட்கள் பட்டினி கிடப்பார்கள், அதைச் சொல்ல மாட்டார்கள்.

மறுநாளே ஷார்ஷென் அண்ணன் கொதிகலனை வேறு ஆளிடம் ஒப்படைத்தார். நல்ல ஆடு ஒன்றை வாங்கி ஒரு வேனின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டு, அண்ணியோடு பாலிக்சிக்குக் கிளம்பினார். விருந்து வரை காத்திருக்க மனசு வரவில்லை. போகும்போது என் கடையில் நின்று, ப்ளேயரையும் கம்பியையும் எப்படி மாட்டுவது என்று காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். பெட்டியையும் கூடவே எடுத்துப் போனார். அவருடைய திட்டம் இதுதான்: சம்பந்தி வீட்டார், பக்கத்து வீட்டார் எல்லோரையும் கூட்டி உட்கார வைத்து, தன் தப்பைத் தானே போட்டுக் காட்டுவது. கேட்கும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் தடுக்கவில்லை.

அங்கே நடந்ததை அனார் அண்ணி வந்து சொன்னார். வாசலில் கிதிர் நின்றிருந்தாராம். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எல்னூரா அவருக்குப் பின்னால், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஷார்ஷென் அண்ணன் தொப்பியைக் கழற்றினார். வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த பேச்சு முழுக்க மறந்துபோய், ப்ளேயர் பெட்டியை இரண்டு கையாலும் முன்னே நீட்டினார்.

"சம்பந்தி, தப்பு என் மேலதான். இதுல தெளிவாத் தெரியுது. நீங்க எழுந்து இடம் விட்டதும் தெரியுது, தட்டும் தெரியுது. எல்லாரையும் கூப்பிடுங்க. நானே போட்டுக் காட்டுறேன். நீங்களும் பாருங்க."

கிதிர் அந்தப் பெட்டியை வாங்கி, பிரிக்காமல் வாசல் ஓரமாக வைத்தாராம். அப்புறம் இவர் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துக்கொண்டே சொன்னாராம்:

"எனக்கு எதுக்கு சம்பந்தி அது? நான் அங்கதானே உக்காந்திருந்தேன்."